கூதிர் வந்தது, விளக்கீடு எங்கே?

வேலூரினின்று திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், சவ்வாதுமலைத் தொடர் தாழ்ந்து நிலத்தோடு கலக்கும் இடத்தருகே அமைந்துள்ளது கணியம்பாடி. துலைத் திங்களாகிய ஐப்பசியில் வாடை வீசத் தொடங்கியவுடன் இவ்வூரின் தோற்றமே மாறிவிடுகின்றது. மேற்கே மலைமுகடுகள் முகிலுள் மறைகின்றன. கோடை முழுதும் மணற்கோடாய்க் கிடந்த நாகநதியில் செந்நீர் இறங்குகின்றது. மலையுள் அமிர்தி அருவி மீண்டும் வாய்திறந்து பேசுகின்றது. பெயர்களில் வடமொழி ஒட்டிக்கொண்டிருப்பினும் வரும் நீர் தமிழ்நிலத்து நீரே என்று ஆறுதல் கொள்ளலாம். காடோ, ஆண்டு முழுவதிலும் இல்லாத பசுமையோடு செறிந்து நிற்கின்றது.

இதே பொழுதில், இதே மலையடிவாரத்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பருவங்களின் பெயர் என்னவென்று கேட்டால் வரும் விடை யாது? இளவேனில், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம் என்னும் நான்கே. செப்டம்பர் 22, 23-இல் பகலும் இரவும் ஒத்திருக்கும் நாள்முதல் இலையுதிர் காலம் தொடங்குவதாகவும் அவர்கள் படித்திருக்கின்றனர். பொத்தகத்தில் மஞ்சளும் சிவப்புமாய் இலை சொரியும் மரத்தின் படமும் உண்டு. அப்படத்தைப் பார்த்துவிட்டுப் பலகணி வழியே வெளியே நோக்கும் பிள்ளை, பொத்தகம் பொய்யா, மலை பொய்யா என்று மயங்காதிருக்குமா? பெரும்பாலும் பிள்ளைகள் மயங்குவதில்லை. பொத்தகத்தையே மெய்யென்று கொண்டு மலையைப் பாராது விட்டுவிடுகின்றனர். அதுதான் கேடு.

சவ்வாதுமலைக் காடுகளும் இலை உதிர்ப்பனவே. ஆனால் அவை உதிர்ப்பது பின்பனியில். மாசியிலும் பங்குனியிலும் நிலத்தின் ஈரம் வற்றும்போது, மரம் தன் உயிர்காக்கத் தழையைக் கழற்றுகின்றது. ஐரோப்பாவின் மரங்கள் குளிருக்கு அஞ்சி உதிர்க்கின்றன. தமிழ்நிலத்து மரங்கள் வறட்சிக்கு அஞ்சி உதிர்க்கின்றன. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஐந்து திங்கள் வேறுபாடு உண்டு. ஆங்கிலப் பருவத்தின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் தமிழ்ப்பிள்ளையின் தலையில் ஏற்றியவர்கள் இவ்வேறுபாட்டை எண்ணியும் பார்க்கவில்லை.

ஆங்கிலத்தை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அதற்கு முன்னரே வந்த வடமொழிப் பருவப் பெயர்களும் இப்படிப்பட்டனவே. அகரமுதலிகளில் கூதிருக்கு நேராகச் சரத்காலம் என்று எழுதி வைத்துள்ளனர். வடபுலத்தில் அப்பருவம் மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, நாணற்பூ வெண்மையாய் விரியும் பருவமாகும். தென்மேற்குப் பருவமழை முடிந்தபின் அங்கு அப்படித்தான் இருக்கும். தமிழகத்திலோ ஆண்டு மழையில் ஏறத்தாழ நூற்றுக்கு 48 பங்கு அக்டோபர் முதல் திசம்பர் வரையுள்ள மூன்று திங்களில்தான் பொழிகின்றது. வடவர்க்கு மழை போகும் பருவம், தமிழர்க்கு மழை நிறையும் பருவம். அதற்கும் இதற்கும் ஒரே பெயரை எழுதிவிட்டால் வானம் ஒத்துக்கொள்ளுமா?

தமிழர் இப்பருவத்திற்கு இட்ட பெயர் கூதிர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறனுள் இரண்டாவது. ஐப்பசியும் கார்த்திகையும் அதன் திங்கள்கள். தூய தமிழில் துலையும் நளியும். சொல்லும் இன்னும் சாகவில்லை. கணியம்பாடிச் சந்தையில் கம்பளி விரித்து அமர்ந்திருக்கும் முதியவளிடம் கூதிர் என்றால் அவள் விழிக்கலாம்; கூதல் என்றால் உடனே போர்வையை இழுத்துக்கொள்வாள். ஊரார் வாயில் ஊதற்காற்று, கூதற்காற்று என்று வழங்குவதெல்லாம் அதன் உறவே. படித்தவர் மறந்த சொல்லைப் படியாதவர் காத்துத் தந்திருக்கின்றனர்.

தொல்காப்பியர் கூதிரையும் அதன் நள்ளிரவாகிய யாமத்தையும் குறிஞ்சிக்கு உரிமையாக்கினார். மலைக்கும் வாடைக்கும் உள்ள உறவை உணர, அகத்திணையியலைப் படிப்பதினும் சவ்வாதுமலையில் ஓர் ஐப்பசி இரவைக் கழிப்பது எளிய வழி. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவிக்கும் மலையாளிகள் என்னும் தொல்குடியினர் வாழும் மலை இது. இதன் அருவிகளிற் பிறக்கும் சேயாற்றின் கரையில் செங்கண்மாவை இருக்கையாகக் கொண்டிருந்த நன்னனை நோக்கிக் கூத்தரை ஆற்றுப்படுத்தியதே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம். அந்நூலின் நவிரமலை, போளூர்க்கருகில் இன்று பருவதமலை என்று வழங்கும் மலையே என்பர் அறிஞர். ஆகவே, கழகக் காலத்தின் குறிஞ்சி எங்கோ தெற்கே பொதியிலில் மட்டும் இருந்தது என்று எண்ண வேண்டா. வேலூர்ப் பேருந்தில் ஏறி ஒருமணி நேரத்தில் அதனுள் புகலாம்.

ஊர்ப்பெயருக்கு வேர்காண்பது இங்கு நோக்கமன்று. ஆயினும், கணி என்ற சொல் தமிழில் காலங் கணிப்பவனையும் குறித்தது, வேங்கை மரத்தையும் குறித்தது. வேங்கை பூத்தால் தினை கொய்யும் காலம் வந்ததென்று குறவர் அறிந்தனராகலின் மரமே அவர்க்குக் கணியனாயிற்று. பூவையும் மீனையும் காற்றையும் பார்த்துக் காலமறிந்த மக்கட்கு ஐந்திறப் பொத்தகம் வேண்டியிருக்கவில்லை.

அப்படிக் காலமறிந்தவர்கள் பருவத்தை வரவேற்கவும் அறிந்திருந்தனர். முல்லைப்பாட்டில், கார்காலத்து மாலையில் முதுபெண்டிர் நாழி நெல்லும் முல்லைப்பூவும் கொண்டுசென்று ஊர்ப்புறத்தே வணங்கி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். நெடுநல்வாடையில் கூதிர் மாலை இன்னும் நுண்மையாய்க் காட்டப்பெறுகின்றது. முகில் மூடியதால் ஞாயிறு மறைந்த வேளை தெரியவில்லை. பூந்தட்டிலிட்ட பிச்சியரும்பு மலர்ந்து மணப்பதைக் கொண்டு மாலை வந்ததென்று மகளிர் அறிகின்றனர். உடனே இரும்பாற் செய்த விளக்கில் நெய்தோய்ந்த திரியைக் கொளுத்தி, நென்மணியும் பூவும் இறைத்து வணங்குகின்றனர். அங்கே ஓதுவார் எவருமில்லை. விளங்காத மொழியில் ஒரு சொல்லும் இல்லை. இருளும் குளிரும் மழையும் சூழ்ந்த வேளையில் ஒரு பெண் ஒரு திரியைக் கொளுத்தி, தன்னை வாழவைக்கும் நெல்லை அதன்முன் இறைக்கின்றாள். வழிபாட்டிற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

இவ்விளக்கு தெருவுக்கு வரும் நாளே விளக்கீடு. அகநானூற்றின் 141-ஆம் பாட்டில் நக்கீரர், மழை விலகிய வானத்தில் நிறைமதி ஆறுமீன் கூட்டத்தைச் சேரும் நள்ளிரவில் மூதூர்த் தெருவெங்கும் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டுப் பலரும் கூடி விழாக் கொண்டாடியதைக் கூறுகின்றார். அதே பாட்டில் மகளிர் நெற்கதிர் முறித்துப் பச்சை அவல் இடிக்கும் செய்தியும் வருகின்றது. இற்றைக்கும் கார்த்திகை நாளில் அவற்பொரியும் நெற்பொரியும் வெல்லப்பாகில் உருட்டும் வீடுகள் வேலூர்ப் பக்கத்தில் எண்ணற்றவை. நற்றிணையிலும், பின்வந்த களவழி நாற்பதிலும் இவ்விழாவின் விளக்குகள் உவமையாய் வருகின்றன. உவமையாய் ஆளப்பெறும் ஒன்று கேட்பார் அனைவருக்கும் தெரிந்ததாய் இருத்தல் வேண்டும். அவ்வளவு பரவிய விழா அது. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தரும் மயிலைப் பதிகத்தில் விளக்கீடு என்ற சொல்லையே ஆள்கின்றார். தீபம் என்ற சொல் பின்னாளில் வந்து அமர்ந்துகொண்டது.

ஆறுமீன் சேர்க்கை வெறுங் கற்பனையன்று. கார்த்திகை என்று இன்று வழங்கும் நாள்மீன் கூட்டத்திற்கு ஆரல் என்பது பழந்தமிழ்ப் பெயர். நளித் திங்களில் ஞாயிறு வானின் ஒருபுறம் நிற்க, ஆரல் நேர்எதிர்ப்புறம் நிற்கின்றது. எனவே, ஞாயிறு மேற்கே மறையும் வேளையில் ஆரல் கிழக்கே எழுந்து, இரவு முழுதும் வானில் உலவி, விடியலில் மறைகின்றது. முழுநிலவும் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறத்திலேதான் இருக்கும். ஆதலால் அத்திங்களின் முழுநிலவு ஆரலருகே வந்து நிற்பது வானத்தின் ஒழுங்கு. அவ்வொழுங்கை வெறுங்கண்ணால் கண்டு, அந்நாளையே விழாநாளாகக் குறித்த மக்களை, காலக்கணக்கைப் பிறரிடம் கடன்வாங்கியவர் என்று எழுதும் பேராசிரியர்கள் இன்றும் உள்ளனர். அவர்கள் ஒருமுறை காவலூருக்குச் சென்றுவரலாம். அதே சவ்வாதுமலையின் மறுபுறத்தில் உள்ள அவ்வூரின் வான்நோக்கு நிலையத்திலிருந்து 1977-இல் யுரேனசைச் சுற்றியுள்ள வளையங்களைக் கண்டறியும் பணியில் பங்குகொண்டனர். 1986 முதல் அங்குள்ள 2.3 மீட்டர்த் தொலைநோக்கி வேணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதன்வழி நோக்கினால் ஆரல் ஆறன்று, ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் நெருங்கிய கூட்டம் என்பது விளங்கும். முகில் மூடிய கூதிர் இரவுகளில் அத்தொலைநோக்கியும் கண்மூடியே இருக்கும் என்பது வேறு செய்தி.

இனி, ஊர்மக்கள் கையில் இவ்விழா எப்படி வாழ்ந்தது என்று பார்த்தல் வேண்டும். நூலில் இருப்பதைவிட அதுவே பெரிது.

விளக்கீடு ஒருநாளோடு முடிவதன்று. முதல்நாள் வீட்டில் விளக்கு, மறுநாள் ஊர்விளக்கு, அதற்கடுத்த நாளைக் குப்பைக் கார்த்திகை என்றும் கொல்லைக் கார்த்திகை என்றும் சொல்வர். அன்று எருக்குழியிலும் மாட்டுத் தொழுவிலும் கொல்லைமேட்டிலும் அகல் வைக்கப்படும். உலகில் எத்தனையோ சமயங்கள் உண்டு. எருக்குழிக்கு விளக்கேற்றும் நன்றியறிவு எத்தனைக்கு உண்டு? சாணமும் சருகும் மட்கி அடுத்த ஆண்டின் சோறாக மாறும் இடத்தை வணங்கத் தெரிந்த உழவனை, உயர்ந்த மெய்ப்பொருள் அறியாதவன் என்று எவர் சொல்ல முடியும்?

சிறுவர்களின் பங்கு மாவளி. வட தமிழகத்துச் சிற்றூர்களில் வளர்ந்தவர்க்கு இதனை விளக்க வேண்டா. நகரில் வளர்ந்தவர்க்கு விளக்கியே ஆகவேண்டும். ஆண்பனையின் பூங்கதிர்களைப் பொறுக்கி, உலர்த்தி, குழியிலிட்டுக் கொளுத்துவர். எரிந்து தணலாகும் பதத்தில் மண்ணிட்டு மூடுவர். சாம்பலாகாது கரியாக வேண்டும். அந்தப் பதம் தவறினால் உழைப்பு முழுதும் வீண். மறுநாள் தோண்டியெடுத்த கரியை நுணுக்கிப் பழந்துணியில் இறுகச் சுருட்டிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளின் நடுவே வைத்துப் பிணித்து, நீண்ட கயிற்றில் தொங்கவிட்டு, தலைப்பில் ஒரு தணலை வைத்துச் சுழற்றினால், இருளில் பொற்பூவாய்த் தீப்பொறி சொரிந்து வட்டம் வட்டமாய் விரியும். வெடியோசை இல்லை, கந்தகப் புகை இல்லை, ஒரு காசும் செலவில்லை. பத்து அகவைப் பையன் தன் கையாற் செய்த தீப்பூ அது. அதைச் செய்யும்போதே பனையில் ஆண் எது பெண் எது, காற்று எத்திசை, எரியும் பொருள் ஏன் மூடினால் அணைகின்றது என்பனவெல்லாம் அவன் கற்றுக்கொண்டான்.

பெரியவர்களின் பங்கு சொக்கப்பனை. கோயில்முன் பனந்தண்டு நட்டு ஓலை வேய்ந்து கொளுத்துவர். தீ தணிந்தபின் அதன் சாம்பலையும் குறைக்கொள்ளியையும் எடுத்துச்சென்று வயலில் இடுவது பல ஊர்களின் வழக்கம். யாழ்ப்பாணத்தில் இவ்விழா இன்றும் விளக்கீடு என்னும் பெயராலேயே வழங்குகின்றது. அங்கே துணிசுற்றிய பந்தங்களை எண்ணெயில் தோய்த்து வாயிலிலும் கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டிலிலும் வயல்வரப்பிலும் நடுவர். கடல்கடந்த தமிழர் காத்த சொல்லைத் தாய்நிலத்துத் தமிழர் இழந்தனர். மலையாள நாட்டிலும் திருக்கார்த்திகை உண்டு. அதே நளித் திங்களையொட்டிக் காந்தளும் பூக்கின்றது. கார்த்திகைப்பூ என்று அதற்கே ஒரு பெயர். கைவிரல் விரிந்தாற்போன்ற அச்செங்காந்தளைத்தான் தமிழக அரசு மாநில மலராக ஏற்றுள்ளது.

இவற்றைக் கேட்டவுடன், இவையெல்லாம் நாகரிகமறியாத காட்டு வழக்கங்கள் என்று முகஞ்சுளிக்கும் படிப்பாளிகள் உண்டு. மேலைநாட்டிலும் இதே கதைதான் நடந்தது. உரோமப் பேரரசில் கிறித்தவம் பரவியபோது, பழைய இயற்கை வழிபாட்டை விடாதவர்களைக் குறிக்க எழுந்த இலத்தீன் சொல் 'பாகானுசு' என்பது. அதன் நேர்ப்பொருள் நாட்டுப்புறத்தான் என்பதே. பட்டிக்காட்டான் என்று இங்கே இகழ்வது போன்றதுதான் அதுவும். அயர்லாந்தில் கெல்ட்டு மக்கள் அறுவடை முடிந்து இருட்பருவம் தொடங்கும் நாளில் குன்றுகளில் பெருந்தீ மூட்டி 'சவ்வின்' விழாக் கொண்டாடினர். ஒன்பதாம் நூற்றாண்டுக்குள் திருச்சபை அந்த நவம்பர் முதல் நாளையே அனைத்துத் தூயர் நாளாக்கிவிட்டது. அதன் முன்னிரவே ஆலோவீன் ஆயிற்று. அயர்லாந்தினர் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே பூசணிக்காய் வந்து சேர்ந்தது. பிறகு வணிகர் வந்து சேர்ந்தனர். இன்று சென்னையின் பேரங்காடிகளில் அக்டோபர் இறுதியில் நெகிழியாற் செய்த பூசணி முகங்கள் தொங்குகின்றன. அயர்லாந்துக் குன்றின் தீயைப் பற்றி ஒன்றுமறியாத தமிழ்ப்பிள்ளை அதை வாங்கி மாட்டிக்கொண்டு, மாவளி என்றால் என்ன என்று தன் பாட்டியைக் கேட்கின்றது. பாட்டி இருந்தால் நல்லூழ்.

இதற்கு மாறான ஒரு காட்சியும் உலகில் உண்டு. அதே ஆரல்மீன் கூட்டத்தை நியூசிலாந்தின் மாவோரி மக்கள் மாத்தாரிக்கி என்பர். அவர்களது குளிர்ப்பருவத்தின் நடுவில் விடியற்காலையில் அது கிழக்கே மீண்டும் தோன்றுவதே அவர்களுக்குப் புத்தாண்டு. இறந்தோரை நினைந்து, விளைவுக்கு நன்றி கூறி, அதை வரவேற்பர். வெள்ளையர் குடியேற்றத்திற்குப் பின் பெரிதும் மங்கிப்போன அவ்விழாவை இருபதாம் நூற்றாண்டின் இறுதிமுதல் மீட்டெடுத்தனர். 2022 சூன் 24-இல் முதன்முறையாக அது நாடு முழுமைக்கும் அரசு விடுமுறை நாளாயிற்று. விழாவின் பெயரை ஆங்கிலத்தில் பெயர்க்கவில்லை. வெள்ளையரும் மாத்தாரிக்கி என்றே சொல்கின்றனர். தங்கள் மொழி பேசுவோர் ஏறத்தாழ இரண்டு இலக்கத்தினரே உள்ள ஒரு சிற்றினம் செய்துகாட்டியது இது. கோடிக்கணக்கில் எண்ணிக்கை சொல்லிக்கொள்ளும் தமிழினம், தன் சொந்தத் தெருவில் தன் சொந்த விழாவைத் தன் சொந்தப் பெயரால் அழைக்கக் கூசுகின்றது.

இதில் தமிழியக்கத்தாரின் பங்கும் சிறிதன்று. கழக நூல்களில் தீபாவளி என்றொரு விழாவைப் பற்றிய குறிப்பே இல்லை என்பதைப் பன்முறை எடுத்துக்காட்டியுள்ளனர், அது சரியே. நரகாசுரன் கதையைக் கண்டித்துத் துண்டறிக்கை வெளியிட்டுள்ளனர், அதுவும் வேண்டியதே. ஆனால் அதே கூதிர்ப்பருவத்தில், அதற்குச் சில கிழமை கழித்து வரும் விளக்கீட்டை அவர்களுள் எத்தனை பேர் எடுத்துக் கொண்டாடினர்? பொங்கல் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றை எல்லாம் கோயிலாரிடமும் கடைக்காரரிடமும் விட்டுவிட்டனர். துண்டறிக்கையைப் பிள்ளைகள் படிப்பதில்லை. இருளில் தீப்பூ சொரிந்தால் ஓடிவருவர். வேண்டா என்று சொல்லத் தெரிந்த இயக்கத்திற்கு இதோ வா என்று அழைக்கத் தெரியவில்லை.

பகுத்தறிவு கெட்டுவிடும் என்று அஞ்சுவோரும் உளர். அவர்களுள் சிலர், மழைக்காலப் பூச்சிகளைக் கொல்லவே முன்னோர் வரிசையாக விளக்கு வைத்தனர் என்று ஒரு விளக்கம் சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்கின்றனர். இது வேண்டாத வேலை. ஒரு திரியைக் கொளுத்தி மழைக்கும் நெல்லுக்கும் நன்றி சொல்வதற்குப் பூச்சிமருந்தின் துணை எதற்கு? முழுநிலவும் ஆரலும் சேர்வது கதையன்று. ஏரி நிரம்புவது கதையன்று. கடவுளை நம்புவோர் நம்பியே ஏற்றுக. நம்பாதார் நம்பாமலே ஏற்றுக. விளக்கு இருவர்க்கும் ஒளிதரும். கார்த்திகைக்கு மிஞ்சி மழையில்லை, கர்ணனுக்கு மிஞ்சிக் கொடையில்லை என்பது ஊர்வாய்ப் பழமொழி. மழையின் கணக்கைச் சரியாகச் சொன்ன ஊரார், மோனைக்காகக் கர்ணனைப் பிடித்துக்கொண்டனர்; முல்லைக்குத் தேரீந்த பாரி ஓர் எழுத்துக் குறையால் வெளியே நிற்கின்றான்!

விழாவை மீட்பது சொல்லை மீட்பதோடு முடியாது. விழாவுக்குரிய பொருள்கள் இருக்க வேண்டும். மாவளிக்குப் பனை வேண்டும். தமிழகத்தின் மாநில மரமாகிய பனை, செங்கற் சூளைகளுக்கு விறகாகப் பல்லாண்டுகளாக வெட்டுண்டது. 2021 ஆகத்தில் தமிழக அரசு வெளியிட்ட முதல் வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில் 76 இலக்கம் பனைவிதைகள் வழங்குவதாகவும், மாவட்ட ஆட்சியரின் இசைவின்றிப் பனையை வெட்டலாகாது என்றும் அறிவிக்கப்பெற்றது. நல்ல அறிவிப்பு. ஆனால் பனை வளர்ந்து பூக்கப் பதினைந்து ஆண்டுக்கு மேலாகும். சூளைக்கு ஒருநாள் போதும். சொக்கப்பனைக்காக உயிர்ப்பனையை வீழ்த்தும் ஊர்கள் இருப்பின் அவையும் அவ்வழக்கத்தை நிறுத்துதல் வேண்டும். பட்ட மரமும் உதிர்ந்த ஓலையும் எரிந்தால் போதும். தீ ஒன்றும் குறைந்துவிடாது.

நீரும் வேண்டும். நாகநதி பல்லாண்டு வறண்டு கிடந்தது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டச் சிற்றூர்களின் பெண்கள், ஊரக வேலையுறுதித் திட்டத்தின்வழித் தடுப்பணைகளும் நீர்செறிவுக் கிணறுகளும் அமைத்து அதற்கு மறுவாழ்வு தந்தனர். கணியம்பாடி ஒன்றியத்துப் பெண்களும் அவருள் இருந்தனர். கூதிரை வரவேற்கும் சடங்குகளில் அதனினும் சிறந்தது எதுவெனச் சொல்லல் அரிது. நெல்லும் பூவும் இறைத்த நெடுநல்வாடைப் பெண்டிரின் கொள்ளுப்பெயர்த்தியர், மண்வெட்டியால் பருவத்தை வணங்கியிருக்கின்றனர்.

பருவம் எப்பொழுதும் இன்முகத்தோடே வருவதில்லை என்பதும் மறக்கற்பாலதன்று. 1903 நவம்பரில் பாலாற்றுப் பெருவெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரிலும் பாலாறு கரைகடந்தது. 2024 திசம்பர் முதல்நாள், பெஞ்சல் புயலின் மழையில், ஆண்டுதோறும் விளக்கேற்றப்பெறும் அதே அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து வீடுகளின்மேல் விழுந்தது. எழுவர் மாண்டனர், அவருள் குழந்தைகளும் இருந்தனர். அடுத்த இரு கிழமைக்குள் வந்த விளக்கீட்டு நாளில் மக்கள் மலையேறத் தடை விதிக்கப்பெற்றது. 2,668 அடி உயரத்தில் கொப்பரை எரிந்தது. கீழே மலையடியில் இடிபாடு. மலையை வணங்கும் இனம் மலைச்சரிவில் இன்னும் எத்தனை வீட்டிற்கு மனைப்பிரிவு போட இசையும்? உச்சியில் நெய் ஊற்றுவோர் அடிவாரத்தையும் நோக்குதல் வேண்டும். கூதிரைப் பாடிய புலவர்கள் அதன் கொடுமையையும் மறைக்கவில்லை. கோவலர் மேட்டுநிலம் தேடிப் போவதையும், தீயில் கைகாய்ச்சி நடுங்குவதையும், குரங்கு கூனிக் குந்துவதையும் சேர்த்தே எழுதினர்.

வருகின்ற நளித் திங்களின் முழுநிலவுக்குத் தமிழுணர்வுடைய ஊர்கள் செய்யத்தக்கன பெரிய வேலைகளல்ல. அழைப்பிதழில் தீபத்திருநாள் என்பதை விளக்கீடு என்று திருத்துவது ஒரு வரியின் வேலை. விளக்கடியில் ஓத வேண்டுமானால் தமிழில் ஓதலாம், ஓதாமலும் இருக்கலாம். பள்ளி ஆசிரியர் ஒருவர் அன்று மாலை பிள்ளைகளைத் திறந்த வெளிக்கு அழைத்துச்சென்று கிழக்கே எழும் ஆரலைக் காட்டிவிட்டால், இலையுதிர் காலம் என்ற பாடம் தானே உதிரும். கணியம்பாடி போன்ற மலையடி ஊர்களில் இவ்வளவும் இன்னும் எளிது. வானம் அங்கே இன்னும் விளம்பர விளக்குகளால் முற்றும் மறைந்துவிடவில்லை. மூன்றாம் நாள் எருக்குழிக்கு ஓர் அகல் வைக்கவும் மறத்தலாகாது.

மாவளிக்குத்தான் முன்கூட்டியே அணியமாக வேண்டும். பனம்பூ நன்கு உலர்ந்தாலன்றிக் கரி பதப்படாது. ஐப்பசி மழைக்கிடையே வெயில் எறிக்கும் நாள்களோ சிலவே. ஆண்பனைகள் நிற்கும் ஏரிக்கரைகளுக்குச் சிறுவரை இக்கிழமையே அனுப்பிப் பொறுக்கிவரச் செய்து, அடுப்பு மேற்பரணில் உலரவிடுதல் நன்று. குழி தோண்டிக் கொளுத்தும் நாளில், மண்ணிட்டு மூடும் பதம் அறிந்த முதியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.